மாப்பிள்ளை விருத்தாசலமா... அப்புறம் பேசுவோம்!

"எல்லாம் சரிங்க... ஊருதான் கொஞ்சம் சின்னதா இருக்குது."

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அக்கா மகன் சரவணனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் அப்பாதான் இப்படிச் சொன்னார். சின்ன ஊர் என்று அவர் சொன்னது எங்கள் விருத்தாசலத்தை.

லண்டனில் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு மிக்சரைத் தின்றிருப்பேன். சென்னை என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் மனிதர் இதைச் சொன்னது திட்டக்குடியில்! சொந்த உரக்கடைக்கு மேல் மாடியில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு. கீழே ரோட்டில் ஒரு கூட்டம் பஸ்ஸுக்கு நிற்கிறது. எந்த ஊர் பஸ்ஸுக்கு? விருத்தாசலத்துக்குத்தான்!

ரயில் ஏற எங்க ஊரு வேணும், ஸ்கேன் எடுக்க எங்க ஊரு வேணும், கல்யாணப் புடவை எடுக்க எங்க ஊரு வேணும்... பொண்ணு குடுக்க மட்டும் சின்ன ஊராய்யா?

கேட்கத்தான் வாயெடுத்தேன். அக்கா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

சரவணனுக்கு முப்பது தாண்டிவிட்டது. தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு செராமிக் யூனிட் நடத்துகிறான். வீட்டு மெயின் போர்டில் வெள்ளை வெளேரென்று இருக்குமே பீங்கான் ஃபியூஸ், அதுதான் அவன் சரக்கு. குடிக்க மாட்டான். அதிர்ந்து பேச மாட்டான். நல்லூர்ப் பக்கமிருந்து பெண்கள் ஷேர் ஆட்டோவில் வேலைக்கு வருகிறார்கள். சூளை வேலைக்குப் பீகார் பையன்கள்.

இதற்கு முன்னாலும் சில இடம் வந்தது. ஒரு வீட்டில், "பையன் சென்னைக்கு வர்றதா இருந்தா மேற்கொண்டு பேசலாம்" என்றார்கள். இன்னொரு பெண்ணின் அம்மா போனில் என்னிடமே கேட்டார்: "அங்க மால் ஏதும் இருக்குதுங்களா?"

மால் இல்லை தாயி. மாப்பிள்ளைதான் இருக்கிறான்.

எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வீடுகளில் அறுபது வயசுக்குக் கீழே ஆளே கிடையாது. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர். மீதி வீடுகளில் மாடி போர்ஷனை வடக்கத்திப் பையன்களுக்கு விட்டிருக்கிறார்கள். வேலை இல்லாத ஊர் என்று நம் பிள்ளைகள் ஜங்ஷனில் ரயில் ஏறுகிறார்கள். அதே ஜங்ஷனில், வேலை இருக்கிற ஊர் என்று அந்தப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். ஒரே பிளாட்பாரத்தில் இரண்டு கூட்டமும் பையோடு பை இடித்துக்கொண்டு போகிறது. ரெண்டு பேரும் ஒரே ஊரைப் பற்றித்தான் பேசுகிறார்களா? எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

திட்டக்குடியிலிருந்து பதிலே இல்லை. பத்து நாள் போனது. ஒரு காலையில் அக்கா போனில் அழுதாள்.

"ஏன்டி, அவன் யூனிட்ட மூடப்போறானாம். மெட்ராஸ்ல ஏதோ டைல்ஸ் ஷோரூமாம், சூப்பர்வைசர் வேலையாம். இடத்த எவனோ குடோனுக்குக் கேக்குறானாம். நீ வந்து ஒரு வார்த்த கேளு."

ஆட்டோ பிடித்துப் போனேன். சரவணன் சூளையிலிருந்து வந்த ஃபியூஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தான். மேசையைச் சுற்றி இருந்த பெண்கள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

"இங்க சம்பாதிக்கிறதுல பாதிகூட அங்க வராதேடா?"

"வராது சித்தி."

"அப்புறம் என்னத்துக்குப் போற?"

"சென்னைன்னா பொண்ணு குடுப்பாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவன் சாதாரணமாகச் சொன்னான். சொல்லிவிட்டு அடுத்த ஃபியூஸை எடுத்துத் தட்டினான்.

"நான் ஒண்ணும் ஊருக்கு சேவை பண்ண இங்க இல்ல சித்தி. இந்த வேலை புடிச்சிருக்குது, இருக்கேன். ஆனா எனக்கும் ஒரு குடும்பம் வேணுமில்ல? இன்னும் எத்தன வூட்ல போயி உக்காந்து மிக்சர் திங்கறது?"

"திட்டக்குடிப் பொண்ண உனக்குப் புடிச்சிருந்திச்சா?"

கையிலிருந்ததைக் கீழே வைத்தான். "எல்லாரும் என்ன வருமானம்னு கேப்பாங்க. அவங்க, சூளைக்குள்ள எவ்வளவு சூடு இருக்கும்னு கேட்டாங்க" என்றான். முகம் சிவந்துபோனது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யூனிட் வாசலில் நின்றபடியே பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டேன். கேட்க வேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசை கட்டி வைத்திருந்தேன். எடுத்தது அவர் இல்லை.

"அப்பா போனை வூட்டுலயே வெச்சுட்டுக் கடைக்குப் போயிட்டாருங்க. நான் நிவேதா பேசறேன்."

பெண்ணேதான்! வரிசை கட்டியதெல்லாம் கலைந்துபோனது. "ஊரு சின்னதுன்னு உங்களுக்கு இஷ்டமில்ல போலருக்குது... பரவாயில்லம்மா. பையன் சென்னைக்கே போறான்" என்றேன்.

"எதுக்கு ஆன்ட்டி சென்னைக்கு?"

"நீங்கதான..."

"நான் எப்ப சொன்னேன்? உங்க வூட்லேருந்து இன்னும் பதில் வரலன்னு அப்பா சொன்னாரு. உங்களுக்குத்தான் என்னப் புடிக்கலன்னு நெனச்சிக்கிட்டிருக்கேன்."

அந்தப் பெண் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குத் திட்டக்குடி வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறாள். எப்போதாவது ஆபீஸுக்குப் போனால் போதும். "ஜங்ஷன்ல ஏறுனா சென்னை. பஸ் ஏறுனா அம்மா வூடு. அதனாலதான் ஆன்ட்டி நான் சரின்னேன். நான் ஒரே பொண்ணு. சென்னையில எனக்கு யாரு இருக்காங்க?" கடைசியில் குரல் உடைந்துவிட்டது. "அவர அவசரப்பட வேணாம்னு சொல்றீங்களா?"

சொல்வதாவது! போனை அப்படியே கொண்டுபோய் சரவணன் கையில் கொடுத்தேன். "நீயே பேசு" என்றேன். அவன் ஃபியூஸ் தூசி படிந்த கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு வாங்கினான். "சூடு அன்னிக்கு நான் சரியா சொல்லலைங்க..." என்று ஆரம்பித்தான். எங்கே போய் முட்டிக்கொள்வது? பெண்கள் எல்லாரும் குனிந்து வேலை செய்கிற மாதிரி நடித்தார்கள். ஒருத்தி கையும் ஓடவில்லை.

அந்தச் சனிக்கிழமை நிவேதா அம்மாவோடு பஸ் ஏறி வந்தாள். யூனிட்டைச் சுற்றிப் பார்த்தாள். சூளையை எட்டிப் பார்த்து, அனல் அடித்ததும் ரெண்டு அடி பின்னால் வந்து சிரித்தாள். அன்று சாயங்காலமே ஷோரூம்காரருக்கு, "வரல சார்" என்று சொல்லிவிட்டான் சரவணன். குடோன் பார்ட்டிக்கும் அதே பதில்.

பெண்ணின் அப்பாவுக்கு என்னதான் பிரச்சினை, மகளிடம் ஏன் பொய் சொன்னார்? பிறகு அவரே என்னிடம் சொன்னார். "எனக்கு ஒண்ணுமில்லைங்க. சொந்தக்காரங்க கேப்பாங்களே... அவ்வளவு படிக்க வெச்சு விருத்தாசலத்துலயா குடுத்தேன்னு."

எந்தச் சொந்தக்காரர்கள்? முக்கால்வாசிப் பேர் பெண்ணாடம், வேப்பூர்... எங்கள் ஊரைவிடச் சின்ன ஊர்! யாரோ ஏதோ கேட்பார்கள் என்று இவர் பயப்படுகிறார். இவர் கேட்பாரே என்று அவர்கள் பயப்படுகிறார்கள். இப்படிப் பயந்து பயந்தே பெண்களையும் பையன்களையும் மூட்டை கட்டிச் சென்னைக்கு அனுப்பிவிடுகிறோம். அப்புறம் டீக்கடையில் நின்றுகொண்டு, "ஊர்ல ஆளே இல்லப்பா" என்று அலுத்துக்கொள்கிறோம். ஆளை அனுப்பி வைத்ததே நாம்தானே ஐயா?

போகட்டும். மகள் பிடித்த பிடியில் அவரும் சரியென்றார்; தை மாசம் கல்யாணம். எங்கள் ஊரிலேயே மண்டபம் பிடித்தாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி கல்யாணப் பத்திரிகை மாதிரியோடு அக்கா வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். ஏதோ சொல்ல வந்து தயங்கினார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருமிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. மாப்பிள்ள பேருக்குக் கீழ ஊரு மட்டும்... சென்னைன்னு போட்டுக்கலாங்களா?"

தாராளமா போட்டுக்கங்க சம்பந்தி... உங்க சொந்தக்காரங்க மொத்தப் பேரும் மொய்க் கவரோட சென்னை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல போய் இறங்கட்டும்!