இல்லாத மாட்டுக்குக் கஞ்சி

எதிர்வீட்டு அத்தையிடம் மாடு கிடையாது. இருந்தது, விற்றுவிட்டார்கள். வாங்கியவர் கரிவலம்வந்தநல்லூர்க்காரர். அவர் அதை ஓட்டிக்கொண்டு தெருமுனை திரும்பியதை நானே நின்று பார்த்தேன். ஆனால் அதற்குப் பிறகும் தினமும் உச்சிவேளையில் அத்தை ஒரு தூக்குச்சட்டியோடு எங்கள் வாசலுக்கு வந்து, "மைனி, மாட்டுக்குக் கொஞ்சம் கஞ்சி இருக்கா?" என்று கேட்பாள். அம்மாவும் முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் சட்டியை வாங்கி, சோறு வடித்த கஞ்சியை ஊற்றி, கூடவே இரண்டு அகப்பைச் சோற்றையும் அதில் தள்ளிக் கொடுப்பாள். ஒரு கல் உப்பு வேறு போடுவாள். மாட்டுக்கு எதற்கு உப்பு என்று ஒருநாள் கேட்டேன்.

"அது ருசி பாக்குத மாடு" என்றாள் அம்மா.

எனக்கு அப்போது பத்து வயது. வகுப்பில் முதல் ரேங்க். எல்லாக் கேள்விக்கும் சரியான விடை ஒன்றுதான் இருக்கும், அதை முதலில் சொல்கிறவளுக்குத்தான் மதிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னது சரியான விடை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததைப் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டேன்.

சங்கரன்கோவிலில் அது மின்வெட்டுக் காலம். ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் இரண்டு மணி நேரம் இருக்காது. எங்கள் தெருவில் ஆண்கள் பெரும்பாலும் விசைத்தறிக்குப் போகிறவர்கள். தறி ஓடினால்தான் கூலி. அப்பா பாதி நாள் தறிக் கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவார். எதிர்வீட்டு மாமா திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், போன் கூடப் பண்ணவில்லை. பெண்கள் எல்லோரும் விடியுமுன் லோடு ஆட்டோவில் ஏறி மல்லிகைத் தோட்டங்களுக்குப் பூப்பறிக்கப் போவார்கள். அவர்கள் திரும்பி வருவதற்கும் ரேஷன் கடைக்காரர் கடையைச் சாத்துவதற்கும் சரியாக இருக்கும். "அரிசி தீந்துட்டு, நாளைக்கு வாங்க" என்பார். மறுநாளும் இதே கதைதான்.

காலாண்டு லீவில் மதுரையிலிருந்து ஒரு அக்கா வந்தார். அங்கே ஒரு கல்லூரியில் பசியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். தோளில் பை, கையில் குடை, பைக்குள் கட்டுக்கட்டாக ஃபாரம். சுற்று வட்டாரத்தில் ஒரே ஒரு தெருவில் காலைக் கஞ்சிக்கூடம் ஒன்று தொடங்கப்போகிறார்கள், அரிசியும் பயறும் அவர்கள் தருவார்கள், சமைப்பதும் நடத்துவதும் தெருப் பெண்களின் பொறுப்பு, எந்தத் தெரு என்பதை ஃபாரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். மகளிர் குழுத் தலைவி என்பதால் அம்மாவிடம் வந்து இதையெல்லாம் சொன்னார். அம்மா அன்று முழுக்கப் பரபரப்பாக இருந்தாள். "எப்படியாச்சும் நம்ம தெருவுக்கு வந்துரணும்" என்று அப்பாவிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பாள். வீடுகளைக் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்றார் அக்கா. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏற்கெனவே வாசலில் நின்றேன்.

ஃபாரத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். போன ஏழு நாளில் எத்தனை வேளை சாப்பிடாமல் இருந்தீர்கள்?

முதல் வீட்டில், "அதெல்லாம் மூணு வேளையும் ஆச்சு" என்றார்கள். இரண்டாவது வீட்டில், "எங்களுக்கென்ன கொறை?" என்றார்கள். மூன்றாவது வீட்டில் கேள்வியை முடிக்குமுன்பே, "நீங்க சாப்ட்டீங்களாம்மா?" என்று அக்காவைத் திருப்பிக் கேட்டார்கள். எங்கள் ஊரில் சாப்பிட்டாயா என்று யார் கேட்டாலும் ஆச்சு என்பதுதான் பதில். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் ஆச்சுதான். ஆகவில்லை என்று சொன்னால் வீட்டு ஆம்பளையைத் தெருவில் நிறுத்திய மாதிரி. பன்னிரண்டு வீடு முடிந்தபோது பன்னிரண்டு ஃபாரத்திலும் சுழியம். இந்தத் தெருவுக்குக் கஞ்சிக்கூடம் தேவையே இல்லை போலிருக்கிறதே என்று அக்கா தன்பாட்டில் சொன்னது என் காதில் விழுந்தது. அம்மா ஆசைப்பட்டது கைநழுவிப் போகிறதே!

பதின்மூன்றாவது, எதிர்வீடு. அத்தை வாசலிலேயே நின்று, "மூணு வேளையும் ஆச்சும்மா" என்றாள்.

நான் விடையைச் சொன்னேன்.

"இல்லக்கா. டெய்லி எங்க வீட்லதான் கஞ்சி வாங்குதாங்க. மாட்டுக்குன்னு சொல்லுவாங்க. இவங்க வீட்ல மாடே கெடையாது. மாட்ட வித்தாச்சு."

அத்தைக்குப் பின்னால் அவள் மகள் நின்றாள். என்னைவிட ஒரு வகுப்பு கீழே படிப்பவள், என் விளையாட்டுக் கூட்டாளி. அவள் என்னைப் பார்க்காமல் தரையில் இருந்த முளைக்குச்சியைப் பார்த்தாள். மாடு கட்டியிருந்த முளைக்குச்சி. அக்கா பேனாவை மூடிவிட்டார். பாராட்டுவார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதை இன்று சொல்லும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் உச்சிவேளையில் அத்தை வரவில்லை. அம்மா கஞ்சியை வடித்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒன்னைய வீட்டக் காட்டத்தான விட்டேன்? அடுப்பக் காட்டவா விட்டேன்?"

"உள்ளதத்தானம்மா சொன்னேன்."

"உள்ளது இந்தத் தெருவுல எல்லாத்துக்கும் தெரியும். நீ சொல்லித் தெரியணும்னு இல்ல."

தூக்குச்சட்டி ஒன்றில் கஞ்சியை ஊற்றி என் கையிலேயே கொடுத்து அனுப்பினாள். போனேன். அத்தை சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"இங்கன மாடு இல்லன்னு ஒனக்குத்தான் தெரியும்லா மக்கா. பொறவு யாருக்குக் கொண்டாந்த?"

கதவு சாத்திக்கொண்டது. சட்டியைத் திரும்பக் கொண்டுவந்தேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் மகள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். வெயில் என்றார்கள். அன்று வெயிலே இல்லை. முதல் முறையாக, தெரிந்த விடையை நான் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

இதற்குள் தெரு முழுக்க அக்காவுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. குடையோடு வந்தால் ஆள் உள்ளே இருந்துகொண்டே பூட்டுப் போடாத குறை. அக்கா எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து, தெருவை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். அம்மா அவர் முன்னால் ஒரு தம்ளர் மோரை வைத்தாள்.

"தெருவ மாத்தாதீங்க மேடம், கேள்விய மாத்துங்க. எந்தப் பொம்பள வாயத் திறந்து சொல்லுவா? வாயால கேக்காதீங்க."

மகளிர் குழுவில் தலைவியைத் தேர்ந்தெடுத்தபோது எழுதத் தெரியாதவர்கள் பாதிப்பேர். அதனால் போட்டியில் நின்ற ஆளுக்கொரு பானையை மறைவில் வைத்து, புளியங்கொட்டை போட்டுத்தான் ஓட்டு எடுத்தார்கள். யார் யாருக்குப் போட்டார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதே மாதிரி செய்யலாம் என்றாள் அம்மா. சாப்பிடாத வேளை ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டை. பெயர் வேண்டாம், ஃபாரம் வேண்டாம். பானை சொல்லட்டும். அக்கா மோரைக் குடிக்க மறந்துபோய் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பால்வாடிக் கட்டடத்தில் கூடினார்கள். உள்ளறையில் பானை, அதன் வாயில் துணி, துணியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். வெளியே ஒரு சுளகு நிறையப் புளியங்கொட்டை. பெண்கள் வந்தார்களே ஒழிய யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அத்தை கடைசி வரிசையில், சுவரோரம்.

அம்மா எழுந்தாள். "இது என்ன பெரிய வித்தையா? எப்படிப் போடணும்னு நான் காட்டுதேன், பாத்துக்கிடுங்க."

சுளகின் முன் குந்தி உட்கார்ந்தாள். உதடு அசைய, விரல் மடக்கி மடக்கி, கிழமை கிழமையாக யோசித்து எண்ணினாள். என்ன அருமையாக நடிக்கிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் கூடவே எண்ணினேன். ஒன்பது. மூடிய கையோடு உள்ளே போனாள், வெறுங்கையோடு வெளியே வந்தாள். "அவ்வளவுதான். போங்க, போங்க" என்றாள்.

அதற்குப் பிறகு தடையில்லை. ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். எங்களுக்கென்ன குறை என்று கேட்ட வீட்டுப் பெரியம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனார். அத்தை கடைசியாகப் போனாள். வெளியே வர நேரமானது. வரும்போது அவள் முகம் கழுவி விட்டது மாதிரி இருந்தது. போகிற போக்கில் என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். அது போதும், எனக்குப் போன உயிர் திரும்பி வந்துவிட்டது.

எல்லோரும் போனபின் பானையைக் கவிழ்த்தோம். அக்கா அந்தக் குவியலையே பார்த்தார். சுழியம் சுழியமாக எழுதிய தெரு. எண்ணி முடிக்க எங்களுக்கு வெகுநேரம் பிடித்தது. தொகையை அக்கா நோட்டில் எழுதப்போகும்போது நான் குறுக்கே விழுந்தேன். கணக்கு என்றால் கணக்காக இருக்க வேண்டாமா?

"அக்கா, அதுல ஒம்பதக் கழிங்க. எங்கம்மா சும்மா காட்டத்தான் போட்டா."

அக்கா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடி மடிப்பதை நிறுத்தினாள் என்றுதான் ஞாபகம். பிறகு சிரித்தாள்.

"ஆமா மேடம், பிள்ள சொல்லுதது சரிதான். கழிச்சிருங்க."

அக்கா ஒன்பது கொட்டையை எடுத்துத் தனியே வைத்தார். இந்த முறை நிஜமாகவே பாராட்டு கிடைத்தது. "கெட்டிக்காரி" என்று சொல்லி அந்த ஒன்பதையும் என் உள்ளங்கையிலேயே வைத்தார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

கஞ்சிக்கூடம் எங்கள் தெருவுக்கே வந்தது. இல்லாதவர்களுக்கு என்று போர்டு எழுதினால் ஒரு ஈ காக்கை வராது, எல்லாருக்கும் என்று எழுதுங்கள் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். அப்படியே எழுதினார்கள். காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தட்டோடு வரிசையில் நின்றோம். ரேஷன் கடை விஷயத்தையும் அக்கா விடவில்லை. அவரும் குழுப் பெண்களுமாகப் போய் அதிகாரியிடம் பேசி, வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலமும் கடை திறக்க வைத்தார்கள். கஞ்சிக்கூடத்தில் அடுப்பு யார் பொறுப்பு என்று வந்தபோது அம்மா எதிர்வீட்டு அத்தையைச் சொன்னாள். "அவளுக்குத்தான் உப்பு பதம் தெரியும்" என்றாள். அதே வாரம் குழாயடியில் ஒரு செய்தியும் பரவியது. எதிர்வீட்டில் மாட்டை விற்றுவிட்டார்களாம். "அப்படியா, எப்போ?" என்று தெருவே ஆச்சரியப்பட்டது. நானும் ஆச்சரியப்பட்டேன். அந்த அளவுக்குத் தேறியிருந்தேன்.

இப்போது எனக்கும் அந்த அக்கா வேலைதான். சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கமெல்லாம் பானையும் சுளகுமாகப் போகிறேன். பெண்கள் எனக்குக் கதவைச் சாத்துவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெண் கை தூக்கினாள். முதலில் போட்டுக் காட்டுகிறவரின் கொட்டைகளைக் கடைசியில் கழித்துவிட வேண்டுமா என்று கேட்டாள். எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்தவள்தானே நான், ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

செய்துகாட்ட ஒரு கொட்டை போதும். ஒன்பது எதற்கு?

"கழிக்க வேண்டாம்" என்றேன். ஏன் என்று அந்தப் பெண் கேட்டாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன். மாட்டுக் கஞ்சியில் தினமும் விழுந்த அந்த இரண்டு அகப்பைச் சோறு எந்தத் தட்டிலிருந்து போனது என்று கேட்க எனக்கு இத்தனை வருஷம் தோன்றவில்லை.

பானை கவிழ்த்த அன்று சாயங்காலம் அத்தை மகள் மறுபடி விளையாட வந்தாள். கையில் இருந்த அந்தக் கொட்டைகளை வைத்தே ஒத்தையா ரெட்டையா விளையாடினோம். அம்மா வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டுவதற்குள் ஒன்பதையும் தோற்றுவிட்டு, சாப்பிட உள்ளே ஓடினேன்.