நின்றபடி கேட்ட பரீட்சை

எங்கள் அப்பாவுக்கு ஸ்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் என் ஸ்பானிய இலக்கியப் பரீட்சையை முதலிலிருந்து கடைசிவரை கேட்டவர் அவர்தான்.

அப்போது நான் வைலே நகரில் உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். நானும் அப்பாவும் டென்மார்க்கில். அம்மாவும் தம்பியும் யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிட அப்பா கொடுத்த விண்ணப்பம், மற்றத் தமிழர்களின் விண்ணப்பங்களோடு அசையாமல் கிடந்தது. பின்னாளில் அது டென்மார்க் முழுவதும் பேசிய வழக்காகும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

டென்மார்க்கில் வாய்மொழிப் பரீட்சையை யாரும் வந்து கேட்கலாம். இதை அப்பாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தொழிற்சாலையில் லீவு எடுத்து, கோட்டும் சூட்டுமாக வந்து நின்றார். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் உள்ளே நுழைந்ததும், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் போல எழுந்து நின்றார். டென்மார்க்கில் யாரையும் யாரும் உட்காரச் சொல்வதில்லை. சொல்லாமல் உட்காருவது மரியாதையில்லை என்று அப்பா கடைசிவரை நின்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

எனக்கு வந்தது, கடலோடு சண்டை பிடிக்கும் ஒரு மீனவப் பெண்ணைப் பற்றிய கவிதை. அவள் அழவில்லை, கடலிடம் கணக்குக் கேட்கிறாள் என்று வாதாடினேன். பரீட்சகர் மறுத்தார். நான் விடவில்லை; ஒவ்வொரு வரியாக எடுத்துக் காட்டினேன். முடிவில் அவர் சிரித்து, கடைசிப் பகுதியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பரீட்சைக்காக இல்லையாம், தான் கேட்பதற்காகவாம்.

பதினொன்று கிடைத்தது. அப்பா என்னைப் பார்த்தார்.

"பதின்மூண்டிலை பதினொண்டோ? மிச்சம் ரெண்டும் எங்கை?"

பதின்மூன்று யாருக்கும் இலேசில் கிடைக்காது என்று எங்கள் ஸ்பானிய ஆசிரியை சொன்னதை டேனிஷிலிருந்து நானே மொழிபெயர்த்தேன். அதன் பிறகு அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த டேனிஷ்காரிக்கும் சொன்னார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நானும் அன்று பொன் குஞ்சாகத்தான் வீடு போனேன்.

அம்மாவுக்கு நாங்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட் அனுப்புவோம். ஒரு பக்கம் முழுக்க அப்பாதான் கதைப்பார். அன்று பின்னேரம் புதுக் கசெட்டைப் போட்டு, என்னை முன்னால் இருத்தி, அந்தக் கவிதையை வாசிக்கச் சொன்னார்.

"அம்மாவுக்கு ஒண்டும் விளங்காதப்பா."

"விளங்காட்டில் என்ன? உன்ரை குரல் கேக்கும். வாசி பிள்ளை."

வாசித்தேன். முடிந்ததும் இன்னொன்று என்றார், பிறகு இன்னொன்று. வருடம் முழுக்கப் படித்த கவிதைகளெல்லாம் இரண்டு பக்கத்திலும் நிறைந்தன. தனக்கென்று அப்பா ஒரு மூலைகூட வைத்துக்கொள்ளவில்லை. என் பெருமையில் அவருக்குக் கதைக்கவே மறந்துபோயிற்று என்று நினைத்து, நான் இன்னும் உரத்து வாசித்தேன்.

எப்போது எங்களைக் கூப்பிடுவீர்கள் என்று அம்மா ஒவ்வொரு கசெட்டிலும் கேட்பாள். அதற்குச் சொல்ல அப்பாவிடம் அன்று ஒரு பதிலும் இல்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.