ஐயாயிரத்து நாற்பது திருகாணிகள்

மடியில் மொச்சை உரித்துக்கொண்டே, நடுநடுவே பேனாவைப் பிடிக்கிறேன். பொட்டலம் கட்டிப் பிழைத்தவர்களே, திருகாணி விரல் நுனியைத் தின்னும், எண்ணிக்கை தூக்கத்தைத் தின்னும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

கல்யாணமான புதிதில், எழுபத்திரண்டு வாக்கில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தகர ஷெட்டில் எனக்கு அந்த வேலை. நூற்றுநாற்பத்துநாலு சேர்ந்தால் ஒரு குரோஸ். முப்பத்தைந்து குரோஸ் ஒரு மூட்டை. அதாவது ஐயாயிரத்து நாற்பது. மூட்டை முடியும்போது ஒன்று மிஞ்சினாலும், கட்டினவளுக்கு மறுநாள் முதல் வேலை கிடையாது. மேஸ்திரியின் சட்டம் அது.

நல்ல சம்பந்தி

முதல் வாரம் ஏழு ஏழாகக் கட்டச் சொன்னார்கள். ஏழு எதிலே சரியாக அடங்கியிருக்கிறது? பயந்துகொண்டே கட்டினேன். ஒன்றும் மிஞ்சவில்லை. அப்புறம் எட்டு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு. எதற்கும் மிஞ்சவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இது மாயமாக இருந்தது. பக்கத்தில் கட்டும் மங்கம்மா அக்காவிடம் மெல்லச் சொன்னேன். அக்கா சிரித்தாள்.

"இது நல்ல சம்பந்தி, கமலா. யாரு வந்து கேட்டாலும் மனசு கோணாம பிரிச்சி குடுத்து அனுப்புது!"

நாலு மிஞ்சியது

ஒருநாள் பத்து பத்தாகக் கட்டிய அக்காவுக்கு நாலு மிஞ்சிவிட்டது. முகம் வெளுத்துவிட்டது. பத்து பத்தாகச் சரியாகப் பிரியும் எண் அது, ஏதோ ஒரு பொட்டலத்தில் ஆறுதான் இருக்கிறது என்று காதோடு சொன்னேன். இரண்டு பேரும் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தோம். இலேசாக இருந்ததை அக்கா பிரிக்க, உள்ளே ஆறு! நாலையும் திணித்துக் கட்டும்போது மேஸ்திரி வந்து, இன்னா பண்றீங்க என்றார். அக்கா நிமிரவே இல்லை.

"நூலு சரியா சுத்திக்கீதான்னு பாக்குறோம் மேஸ்திரி, உங்க பேரு கெடக் கூடாது இல்ல!"

பதினொன்று

அப்புறம் ஒரு மிஷினுக்குப் பதினொன்று பதினொன்றாக வேண்டுமென்று வந்தது. கட்டி முடித்தேன். இரண்டு மிஞ்சின.

"எதுலயோ ஒம்போது போட்டுட்டு முழிக்கிற. நாளைக்கு வராத" என்றார் மேஸ்திரி. என் வீட்டுக்காரருக்கு வேலை போய்ப் படுத்திருந்த நேரம் அது. என் வேலையும் போனால் உலை ஏறாது. அதுவரை மேஸ்திரி முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அன்றைக்குச் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நானூறு பொட்டலத்துக்கு நாலாயிரத்து நானூறு. ஐம்பதுக்கு ஐந்நூற்றைம்பது. எட்டுக்கு எண்பத்தெட்டு. "மீதி ரெண்டு மேஸ்திரி. யார் கட்னாலும் ரெண்டு."

நம்பாமல் அவரே வேறொரு மூட்டையை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலச் சங்கு ஊதியபோது அவர் உள்ளங்கையிலும் இரண்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தோ பாரு, இத்த வெளில யாராண்டயும் சொல்லாத. நாளைக்கு நேரத்தோட வந்துடு."

பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டேன். எல்லோருக்கும் வளைந்துகொடுத்த அந்த எண்ணே பதினொன்றிடம் மட்டும் முடியாது என்று நின்றதைப் பார்த்தவள், நானும் இந்த வீட்டில் ஒரு தடவையாவது முடியாது என்று— "கமலா! கொழாய்ல தண்ணி வந்துட்ச்சி!" அத்தை கூப்பிடுகிறார், தோ