வெயிலில் வெளுத்த நபாத்

எங்கள் குதிரைப்பண்ணையில் காபாவைவிடச் சத்தமாகப் பேசுகிற ஆள் கிடையாது. ரியாசான் சந்தையில் அவள் வாயைத் திறந்தால் ஓகா ஆற்றில் மீன் பிடிப்பவன் திரும்பிப் பார்ப்பான். முழுப்பெயர் கபிதோலினா. கணவன் திகோன் டிராக்டர் ஓட்டுகிறவன். பிள்ளைகள் இல்லை என்பார்கள். தாய் செத்துப்போன நபாத் என்ற குதிரையைக் குட்டியிலிருந்தே புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவளுக்குப் பிள்ளை இல்லை என்று எப்படிச் சொல்வது?

நபாத் ரஷ்யச் சவாரி இனம். அந்தக் காலத்தில் இரண்டு பிரபுக்களின் லாயங்களிலிருந்து கலந்து உண்டான சாதி. நீண்ட கழுத்து, பஞ்சில் மிதிப்பது போன்ற நடை, குழந்தை வாலைப் பிடித்து இழுத்தாலும் கோபம் வராத குணம். போர்களில் அநேகமாக அழிந்தேபோயிற்று. மிஞ்சியதை ஊர் ஊராகத் தேடி இனத்தை மறுபடி உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் தரம் பார்க்க வரும் குழு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். கறுப்பு வேண்டும், கருந்தவிட்டு நிறமானாலும் சரி. செம்பட்டை என்றால் விற்றுவிடுவார்கள்.

வெயில் பட்டால் கறுப்பு முடி செம்பட்டையாக வெளுத்துவிடும். ஆகவே கோடையில் கறுப்புக் குதிரைகளைப் பகலில் யாரும் வெளியே விடமாட்டார்கள். காபா மட்டும் நபாத்தை மத்தியானமெல்லாம் ஆற்றங்கரையில் நிறுத்திவைத்தாள். "வெயில் காயிறதுன்னா புள்ளைக்கு உசிருடி ஸோயா" என்பாள் என்னிடம். ஆகஸ்டில் குழு வருகிறது என்று தெரிந்த அன்று பார்த்தால், நபாத் துருப்பிடித்த வாளி நிறத்தில் நிற்கிறான்.

யோசனை சொன்னது திகோன். அந்த மனுஷனிடம் யோசனை கேட்பதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். புகைக்கூண்டுக் கரியை க்வாஸில் குழைத்துப் பூசினார்கள்.

"க்வாஸ் எதுக்குய்யா? தண்ணி போதாதா?" என்றேன்.

"தண்ணி நிக்காது. இது ரொட்டியும் சக்கரையும் போட்டுப் புளிச்சது, பசை மாதிரி புடிச்சுக்கும். நீ சும்மா இரு தாயி."

பிடித்துக்கொள்ளத்தான் செய்தது. குழு வந்த அன்று காலையில் நபாத் காக்காய்போல மின்னினான்.

குழுத்தலைவி நினெல் பாவ்லொவ்னா, வெள்ளைக் கோட்டுப் போட்ட நெட்டையான பெண்மணி. உயரம் அளந்தாள், நடக்கவிட்டுப் பார்த்தாள், "அருமை" என்றாள். அப்போதுதான் நபாத்துக்குத் துணையாக அதே கொட்டடியில் இருக்கும் வெள்ளாடு வந்து அவன் விலாவை நக்கியது. இனிப்பை விடுமா? நக்க நக்க விலாவில் செம்பட்டைப் பட்டை. ஆட்டின் தாடி கறுப்பு.

"ஆட்டுத் தாடி சாயம் விடுதுங்கம்மா" என்றான் திகோன்.

"வாளியில தண்ணி கொண்டாங்க" என்றாள் தலைவி.

ஐந்து பேர் தேய்த்தோம். வாளிகள் உருண்டன, ஆடு காலுக்கிடையில் புகுந்தது. நபாத் கண்ணை மூடித் தூங்கியே விட்டான். காபாவோ அழுதுகொண்டே தேய்த்தாள். "வெயில்ல விட்டது நான்தாம்மா. அவனை வித்துடாதீங்க."

நினெல் பாவ்லொவ்னா அவன் முடியை விரலால் பிரித்தாள். "வேர்ல பாரு, மை மாதிரி இருக்கு. நுனி வெளுத்தா சாதி மாறிடுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" பிறகு குறிப்பெடுப்பவரிடம் திரும்பினாள். "குணத்துக்கு முழு மார்க் போடுங்க. கரி பூசி, ஆடு நக்கி, அஞ்சு பேர் தேச்சும் தூங்குறான். இவன் இங்கயே இருக்கட்டும். இந்தக் குணம் குட்டிகளுக்கு வரணும்."

காபா இன்னும் பலமாக அழுதாள்.

"இருக்கட்டும்னு சொல்லிட்டேனே, அப்புறம் என்னத்துக்கு அழற?"

"அதுக்குத்தாம்மா அழறேன்!" என்று பாய்ந்து தலைவியைக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளைக் கோட்டின் முதுகில் இரண்டு கரிக் கையச்சுகள். கார் கிளம்பும்வரை நாங்கள் மூச்சு விடவில்லை. கிளம்பியதும் நாங்கள் சிரித்த சிரிப்பில் நபாத்தே விழித்துக்கொண்டான்.