நூற்று இருபத்தேழு டிகிரி

பயம் என் கூடப் பிறந்தது. பஸ் வேகமாகப் போனால் பயம். போன் இரண்டு தடவை அடித்து நின்றுபோனால் பயம். பிள்ளை சத்தமில்லாமல் விளையாடினாலும் பயம். இப்படிப்பட்டவளைக் கடலூருக்குத் தெற்கே, ரசாயனத் தொழிற்சாலைகளின் கொல்லைப்புறத்தில் இருந்த ஒரு தெருவுக்கு வாழ அனுப்பி வைத்தார்கள். சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் காற்று என்றால் வெறும் காற்று. கல்யாணமாகி வந்த முதல் மாதத்திலேயே அது எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்கப் பழக்கிவிட்டார்கள். ஏதாவது நெடி வந்தால் உடனே கொடியில் காயும் துணியைப் பார்க்க வேண்டும். துணி பறக்கிற பக்கம் ஓடக் கூடாது, அதற்குக் குறுக்கே நடக்க வேண்டும். ஈரத் துண்டை மூக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

என் கணவர் அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். ரசாயனங்களைக் காய்ச்சுகிற ரியாக்டர்களில் எதில் எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று திரையில் எண்கள் வந்துகொண்டே இருக்கும். ஷிப்ட் முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஏசி ரூமில் உட்கார்ந்து டிவி பார்க்க உங்களுக்குச் சம்பளம் வேறயா என்று நான் சீண்டுவேன். அவர் சிரிப்பார். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிக்கிற மனுஷன்.

நான் வீட்டிலிருந்தே டைப்பிங் செய்து கொடுத்தேன். சிதம்பரத்தில் படிக்கிற பிள்ளைகளின் ஆய்வேடுகள்தான் பெரும்பாலும். என் தம்பி பாகம் பாகமாக வாங்கி மாட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. இரண்டாயிரத்து ஒன்பது கோடையில் அது நினைத்தபோதெல்லாம் அணைந்துபோக ஆரம்பித்தது. கரன்ட் கட் என்று நிமிர்ந்து பார்த்தால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். வேதியியல் படிக்கிற ஒரு பெண்ணின் அத்தியாயம் ஒன்று அப்படித்தான் பாதி காணாமல் போனது. தம்பி வந்து பெட்டியைத் திறந்து, பஞ்சுமூட்டை மாதிரி அடைந்திருந்த தூசியை எடுத்துப் போட்டான். சூடு தாங்காமல் அதுவாக அணைகிறது என்று சொல்லி, சூட்டை அளந்து காட்டுகிற சின்ன சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் தெரியும். எழுபதைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட வேண்டும். அந்த எண்ணைத் தட்டினால் ஒரு ஜன்னல் திறந்து, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றின் சூடும் வரிசையாக வரும்.

அந்த வரிசையின் கடைசியில் நூற்று இருபத்தேழு என்று ஒரு எண் சிவப்பாக நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. தம்பிதான் விளக்கினான். அந்த இடத்தில் சென்சரே கிடையாதாம். இல்லாத சென்சரைத் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காவிட்டால் சாஃப்ட்வேர் இந்த எண்ணைப் போட்டுவிடுமாம். "அதக் கண்டுக்காதக்கா, அது சும்மா" என்றான். நான் அந்த ஜன்னலைத் திறப்பதையே விட்டுவிட்டேன். மூலையிலிருந்த எண்ணை மட்டும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, இன்னொரு கண்ணால் டைப் அடித்தேன். வேலை முடிந்து வந்ததும் என் கணவர், "என்னா, உன் ரியாக்டரு எப்படி ஓடுது?" என்று கேட்பார்.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த நிமிஷம் சங்கு ஊதியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, துண்டை நனைத்துக்கொண்டு, தெருவோடு தெருவாகக் குறுக்கே நடந்து சிதம்பரம் ரோட்டில் போய் நின்றேன். தொழிற்சாலைப் பக்கம் மஞ்சளாகப் புகை எழும்பியது. அது அவருடைய ஷிப்ட். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. என்ன நினைத்தேன் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிள்ளை கனத்தது, அவ்வளவுதான்.

விடிந்து வெகுநேரம் கழித்து, வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அவருடைய சிநேகிதர் இறந்துபோயிருந்தார். அதே ஷிப்டில் வெளியே ரியாக்டர்களைச் சுற்றி வந்து கவனிக்கிற வேலை அவருக்கு. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவர். சொந்தம் கிடையாது, ஆனால் ஒருத்தரை ஒருத்தர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். என் மீன் குழம்பில் காரம் ஜாஸ்தி என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று தடவை ஊற்றிச் சாப்பிடுகிறவர்.

விசாரணை நடந்தது. என் கணவர் மேல் தப்பில்லை, விதிப்படிதான் எல்லாம் செய்திருக்கிறார் என்று எழுதிவிட்டார்கள். ஓய்வெடுக்கச் சொல்லி லீவும் கொடுத்தார்கள். நான் முருகனுக்குக் கற்பூரம் ஏற்றினேன். இவர் அதைத் தொட்டுக் கும்பிடக்கூட வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு, இறந்தவரின் மனைவி சிதம்பரத்திலிருந்து போன் செய்ய ஆரம்பித்தாள். எப்போதும் ஒரே கேள்விதான். "அண்ணா இருக்காரா அண்ணி? எங்க வூட்டுக்காரரு கடைசியா அவருகிட்டதான் பேசுனாராம். என்னா பேசுனாருன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க." நான் போனைக் கையால் மூடிக்கொண்டு இவரைப் பார்ப்பேன். இவர் தலையை அசைப்பார். தூங்குகிறார், வெளியே போயிருக்கிறார், காய்ச்சல் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் சரி அண்ணி என்று சொல்லிவிட்டு வைப்பாள். ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அப்படிச் சொல்ல முடியாத பேச்சு என்ன பேசியிருப்பார்கள்? இவர் எதை மறைக்கிறார்? ராப்பகலாக அதையே நினைத்து நினைத்து, கேட்கவும் தைரியம் வராமல் கிடந்தேன்.

லீவில் இருந்தவர் டிவி பக்கம் போகவில்லை, தெருப் பக்கமும் போகவில்லை. என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். டைப் அடிக்க இல்லை, மூலையில் இருந்த எண்ணைப் பார்க்க. ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தாறு. நான் வேலை செய்தால் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, "ரெண்டு ஃபைல ஒண்ணா தொறக்காத, ஏறுது" என்பார். டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து பெட்டிக்கு வைத்தார். நாங்கள் வேர்த்து ஊற்றிக்கொண்டு இருந்தோம். மாணவர்கள் போன் மேல் போன் போட்டார்கள். நீங்க போய்ப் படுங்க என்று ஒரு தடவை சொன்னதற்கு, "யாரு பாக்கறது?" என்று கேட்டார். குரலே ஏறவில்லை. தொழிற்சாலைக்குப் பயந்தவள் இப்போது வீட்டுக்குள்ளேயே, கட்டின புருஷனுக்குப் பயந்து நடந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் அந்த எண்ணைத் தட்டியிருக்க வேண்டும். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து நேராகப் போய் மெயினை அணைத்தார். ஃப்யூஸ் கட்டையையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிள்ளையை என் மடியிலிருந்து தூக்கினார். "துண்ட நனை. பொறப்படு" என்றார். கத்தியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர் அவ்வளவு நிதானமாகச் சொன்னதும், நான் கேள்வி கேட்காமல் துண்டை நனைத்தேன்.

வாசலில் நின்று எதிர்வீட்டுக் கொடியைப் பார்த்தார். சேலை மேற்கே பறந்துகொண்டிருந்தது. தெற்கே திரும்பி நடந்தார். போகிற வழியில் ஒவ்வொரு கதவையும் தட்டி, வெளிய வாங்க, அடுப்ப அணைங்க என்று சொல்லிக்கொண்டே போனார். தொழிற்சாலைக்காரர் சொல்கிறார் என்றால் எங்கள் தெருவில் யாராவது ஏன் என்று கேட்பார்களா? சோற்றுக் கையோடு வந்தார்கள். குளித்துக்கொண்டிருந்தவர் ஈர வேட்டியோடு வந்தார். புதுசாகப் பிள்ளை பெற்றவளைக் கைத்தாங்கலாக நடத்தி வந்தார்கள். எல்லார் மூக்கிலும் துண்டு. இத்தனை கூட்டம் நடந்தும் ஒரு பேச்சு இல்லை, செருப்புச் சத்தம்தான். எனக்கும் அப்போது நெடி அடித்த மாதிரியே இருந்தது.

தெருமுனையில் போய் நின்ற பிறகுதான் ஒருவர் தொழிற்சாலைக்குப் போன் போட்டார். அங்கே ஒன்றுமில்லை என்றார்கள். பக்கத்துத் தொழிற்சாலையிலும் ஒன்றுமில்லை. எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "நூத்தி இருவத்தேழு காட்டுது. செவப்புல நிக்குது."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த பயம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. இவர் போய்விட்டார், எனக்கு இனிமேல் இவர் இல்லை என்று நினைத்தேன். ஆனால் வாய் அதுபாட்டுக்கு வேலை செய்தது. எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் கசிகிறது, பதற்றத்தில் எல்லாரையும் கிளப்பிவிட்டோம், மன்னித்துவிடுங்கள் என்று கும்பிட்டேன். நாலு பேர் திட்டினார்கள். பிள்ளை பெற்றவளின் மாமியார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிறகு கலைந்து போனார்கள்.

எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்தவர் உள்ளே போகவில்லை. "அது பொய்ங்க" என்றேன். "அந்த எடத்துல சென்சரே இல்ல. தம்பி அன்னிக்கே சொன்னான். நான் போயி தொட்டுப் பாத்துட்டு வரேன்." படியில் கால் வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"நீ போவாத" என்றார். "அன்னிக்கு நானும் இதத்தான் சொன்னேன். சென்சரு கோளாறு, பொய்யாத்தான் காட்டும், எதுக்கும் நீ ஒரு நட போயி ரியாக்டருல இருக்கற மீட்டரப் பாத்துட்டு வான்னு நான்தான் அவன அனுப்புனேன்."

அந்த சென்சர் மாதம் முழுக்கத் தப்பாகவே காட்டிக்கொண்டிருந்ததாம். தினமும் இவர் சொல்வாராம், தினமும் அந்தச் சிநேகிதர் நடந்து போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வாக்கி டாக்கியில் சொல்வாராம். விதியும் அப்படித்தான், சந்தேகம் வந்தால் நேரில் பார்க்க ஆள் அனுப்ப வேண்டும். அதனால்தான் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்த எழுத்து இவரை இத்தனை நாளாகத் தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நீங்கள் வேண்டுமென்று செய்தீர்களா, யாருக்குத் தெரியும் என்றெல்லாம் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தனியாக உள்ளே போனார்.

அணைத்து வைத்த கம்ப்யூட்டர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வாசலில் நின்ற நான் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டேன். உள்ளே சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். கை முழுக்கத் தூசி. "சில்லுனுதான் இருக்குது" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். விபத்து நடந்த பிறகு அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் காலையில் நான் சொல்லாமலேயே சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் கூடப் போனேன். சிதம்பரம் போய்ச் சேரும் வரைக்கும் பஸ்ஸில் என் கையை விடவில்லை. அந்தப் பெண் என்ன செய்வாள் என்றே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று என்னை நானே தயார் செய்துகொண்டேன்.

அவள் நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். சுவரோரம் உட்கார்ந்தாள். இவர் நாற்காலியில் உட்காராமல் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அனுப்பியது நான்தான் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

"கடைசியா என்னா பேசுனாரு அண்ணா?"

"போயி மீட்டரப் பாத்துட்டு வாக்கி டாக்கில கூப்புட்டான்" என்றார். "'சென்சரு சரியாத்தான் காட்டுது மச்சான்'னு சொன்னான். அவ்ளோதாம்மா. அதுக்கப்புறம் சத்தம்தான் கேட்டுது."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பயந்துட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்ல தங்கச்சி. எப்பவும் பேசற மாதிரிதான் பேசுனான். பயப்பட வேண்டிய எடத்துல நான் உக்காந்திருந்தேன். நான் பயப்படல."

அவள் தலையாட்டினாள். காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வருவாள் என்று நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அவள் வரவில்லை.