சாவுக்கு ஏழு வருஷ நோட்டீஸ்

குராமோச்சி எய்சாக்குவுக்கு எழுபத்தொன்பது வயது. நெரிமாவில் நாற்பது வருஷம் சலவைக் கடை நடத்தி மூடியவர். உடம்பில் சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, போய்ச்சேரும் அவசரமும் இல்லை. இருந்தும் போன குளிர்காலத்தில் அரசாங்கம் அவருக்கு ஒரு கெடு வைத்தது: ஏழு வருஷத்துக்குச் சாகக் கூடாது.

எங்கள் ஊரில் ஒருவர் வருஷத்துக்குப் பதினொரு லட்சம் யென் வரை இனாமாக வாங்கினால் வரி கிடையாது. ஆனால் வாரிசுக்குக் கொடுத்துவிட்டு மூன்று வருஷத்துக்குள் கண்ணை மூடினால், கொடுத்ததையும் சொத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். இனிமேல் கொடுப்பவர்களுக்கு அந்த மூன்று வருஷம் ஏழாகிவிட்டது.

எய்சாக்குவின் கவலையெல்லாம் வீடு. நெரிமாவில் நில விலை ஏறியது அவர் குற்றமல்ல. தான் போனபின் வரி கட்ட ஒரே மகன் ஹிரோமு வீட்டையே விற்க நேர்ந்தால்? அதற்குத்தான் சொத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கலாமென்று, பன்னிரண்டு வருஷமாக மகன் பேரில் வங்கிக் கணக்கு வைத்து வருஷாவருஷம் பதினொரு லட்சம் போட்டுவந்தார். மகனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் செலவழித்துவிடுவான்.

புது விதியைக் கேள்விப்பட்டதும் வார்டு அலுவலகத்தில் இலவச வரி ஆலோசனைக்குப் போனார். கூடவே மருமகள் கயோகோ. ஹிரோமு வேலைக்காகச் செண்டாயில் தனியாக இருக்கிறான்; வீட்டில் இவர்கள் இருவரும் மிசோ சூப்பில் உப்பு எவ்வளவு என்று ஒன்பது வருஷமாக வழக்காடுகிறார்கள்.

ஆலோசகர் மினோவா என்ற பெண்மணி கேட்டார்: "பாஸ்புக் யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான். அவன்கிட்ட குடுத்தா தொலைச்சுடுவான்."

"கணக்குக்கு வச்ச முத்திரை?"

கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் அந்தக் குடும்பப்பெயர் முத்திரையை எய்சாக்கு சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பெருமையாக மேஜைமேல் வைத்தார்.

"இது உங்க முத்திரை மாதிரி இருக்கே?"

"குராமோச்சின்னு தானே செதுக்கியிருக்கு? அவனும் குராமோச்சிதானே. எதுக்கு ரெண்டு?"

மினோவா பேனாவை மூடினார். "அப்ப நீங்க யாருக்கும் எதுவும் குடுக்கல, குராமோச்சி சான். இந்தப் பாக்கெட்லேர்ந்து அந்தப் பாக்கெட்டுக்கு மாத்தியிருக்கீங்க. எல்லாம் உங்க சொத்துதான்."

"பன்னெண்டு வருஷமுமா?"

"பன்னெண்டு வருஷமும்."

"சந்தோஷப்படுங்கப்பா" என்றாள் கயோகோ. "ஒரே நாள்ல பணக்காரரா ஆயிட்டீங்க."

மினோவா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இனிமே மகனுக்கு முறையா குடுத்தாலும் ஏழு வருஷம் தாண்டணும். வாரிசு இல்லாதவங்களுக்குக் குடுத்தா அந்தத் தொல்லை இல்ல. மருமக இருக்காங்களே. உயில்ல மட்டும் அவங்களுக்கு எதுவும் எழுதாதீங்க; எழுதினா அவங்களுக்கும் அந்த ஏழு வருஷம் வந்துடும்."

"இவளுக்கா?"

"ஆமா. பாஸ்புக்கும் முத்திரையும் அவங்ககிட்டதான் இருக்கணும். எதுக்குச் செலவழிச்சேன்னு நீங்க அதிகாரம் பண்ணக் கூடாது. அது அவங்க பணம்."

துணி வாங்கினாலும் சீட்டு, கொடுத்தாலும் சீட்டு என்று வாழ்ந்த மனிதர். மூன்று வாரம் யோசித்தார். பிறகு ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது இனாம் பத்திரத்தை கயோகோ பக்கம் தள்ளினார்.

"படிச்சுட்டு முத்திரை போடு. உன்னோடதப் போடு."

"இத எடுத்துக்கிட்டு ஓடிப்போயிட்டா?"

"போறதுன்னா அரிசி போட்டு வச்சுட்டுப் போ."

மே மாதம் அவள் நிஜமாகவே போனாள். இரண்டு தோழிகளோடு நாலு நாள் பூசான். போகுமுன் பேட்டரி சைக்கிள் ஒன்றும் வாங்கியிருந்தாள். எய்சாக்கு அதைத் துடைத்துவைத்தாரே தவிர, விலை கேட்கவில்லை.

"மருமகள எங்க காணோம்?" என்றார் அரிசிக் கடை ஓசெக்கி.

"கொரியா போயிருக்கா."

"யார் காசுல?"

"அவ காசுல."

"அவளுக்கு ஏதுய்யா அவ்வளவு?"

"அது எனக்குத் தெரியவே கூடாது. சட்டம்" என்று எய்சாக்கு நெஞ்சை நிமிர்த்தினார். நெரிமாவில் மருமகளிடம் கணக்குக் கேட்காத ஒரே மாமனார் என்ற பட்டத்தை அவர் தனக்குத் தானே அன்று கொடுத்துக்கொண்டார். அதற்கும் வரியில்லை.

நாலாம் நாள் கயோகோ பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எவ்வளவு ஆச்சுன்னு கேக்கலியாப்பா?"

"கேட்டா வீடு போயிடும்."

"ஒரு தடவ கேளுங்க. வரி ஆபீஸ்ல சொல்ல மாட்டேன்."

எய்சாக்கு அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். பிறகு, "நல்லாருந்துச்சா?" என்று கேட்டார்.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, குளிக்கச் சுடவைத்த தொட்டித் தண்ணீர் ஆறிப்போகும்வரை அவள் அவரிடம் பூசான் மீன் சந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.