முந்நூறு கோப்பை சிராப்

நான் பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். பெருக்கல் மட்டும் கூடவே வந்தது. எந்த ஊரில் எந்த வேலை பார்த்தாலும், விலையை எண்ணிக்கையால் பெருக்கி, வரப்போகும் வருமானத்தை மனதிலேயே பார்த்துவிடுவேன். பார்த்ததோடு சரி.

புலாவ் செபாங்கில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் இருந்தபோது, இரவுச் சந்தையில் கடை போடும் இடம் ஒன்று காலியானது. முன்பணம் ஐந்நூறு வெள்ளி. அது கிடைத்தால் நான் ஊர் ஊராக வீடு மாற்றுவது நிற்கும் என்று மனைவி நம்பினாள்.

தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. வெயிலில் வருகிற கூட்டத்துக்குச் சிராப், அதாவது ஐஸ் போட்ட ரோஜா சர்பத், விற்கலாம் என்றேன்.

“கோப்பை ரெண்டு வெள்ளி. முந்நூறு கோப்பை. அறுநூறு.”

“முந்நூறும் போவுமா?”

“போவும்.”

சேமிப்பில் சிராப் புட்டிகளும் பாலும் ஐஸும் வாங்கினோம். கோயில் நுழைவு வளைவருகே மேசை போட்டு, மேலே தென்னங்கீற்று வேய்ந்தேன். மொட்டையாகத் தெரிந்ததால் மாவிலைத் தோரணமும் மஞ்சள் துணியும் கட்டினேன். விலை எழுதிய அட்டை மாட்டத் தோன்றவில்லை.

முதலில் வந்தவர் பால்குடம் எடுத்து முடித்த ஓர் அம்மா. தார்ச்சாலையில் வெறுங்காலோடு வந்தவர். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “நல்லா இருப்பா, பெரிய புண்ணியம்” என்று என் தலையில் கைவைத்தார். அவரிடம் இரண்டு வெள்ளி கேட்க வாய் வரவில்லை. அடுத்து நின்ற இளைஞனிடம் கேட்டேன்.

அவன் சிரித்தான். “தண்ணிப் பந்தல்ல காசா? ஜோக் அடிக்காதீங்கலா அண்ணே. ஐஸ் கொஞ்சம் கூடப் போடுங்க.”

வரிசையே சிரித்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நேர்த்திக்கடனுக்கு இலவசமாகத் தண்ணீர் கொடுப்பவர்கள் எப்படிப் பந்தல் கட்டுவார்களோ, அதே மாதிரி கட்டியிருந்தேன். கீற்றில்கூடக் குறையில்லை.

மனைவி ஊற்றிக்கொண்டே இருந்தாள். மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்தது. கோயில் தலைவர் வந்து எனக்குத் துண்டு போர்த்தினார். ஒலிபெருக்கியில் நன்றி சொன்னார்கள்.

“கணக்கு சரியாத்தான் போட்டிருக்கீங்க,” என்றாள் மனைவி, மேசையைத் துடைத்தபடி. “முந்நூறும் போச்சு.”

சந்தையில் அந்தக் கடை இடம், அப்பம் பாலிக் என்னும் மடித்த இனிப்பு அப்பம் விற்பவருக்குப் போனது. அடுத்த மாதம் நாங்கள் கோலா சுங்கை பாருவுக்கு வீடு மாற்றினோம். மீன் பெட்டி தூக்கும் வேலை, நாள் கூலி. அங்கே பெருக்குவதை முதலாளி பார்த்துக்கொள்கிறார்.